பூனைக்கு வந்த பயமும் எமக்கு வந்த பயமும்

(எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அக்கா தொலைபேசியில் அழைத்து, "நூற்றாண்டுக்கு டொக்டர் ஒருத்தர் பேசினா நல்லா இருக்கும், சீனி வருத்தம், பிரஷர் பத்திப் பேசுங்க" என்று கேட்டார். சீனியும் பிரஷரும் உங்களுக்குக் கிளினிக்கில் வேண்டிய அளவு கிடைக்கிறது. நான் விலங்குகளைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. மிருக வைத்தியரை அல்லவா கூப்பிட்டிருக்க வேண்டும் என்று அவர் நினைத்திருப்பார். ஏன் விலங்குகள் என்பதை முடிவில் சொல்கிறேன். அதில் என்னுடைய பிழை ஒன்றும் இருக்கிறது.

எங்கள் உயர்தர வகுப்பு உயிரியல் ஆய்வுகூடத்தை இங்கு பலர் மறந்திருக்க மாட்டீர்கள், குறிப்பாக அந்த மணத்தை. ஒரு நாள் தவளை வெட்டினோம். குளோரோபோமில் மயக்கி, மெழுகுத் தட்டில் கால்களுக்குக் குண்டூசி குத்தி, நெஞ்சைத் திறந்தால் இதயம் அடித்துக்கொண்டிருக்கிறது. என் பக்கத்தில் நின்றவள் அழுதுவிட்டாள். ரீச்சர் ஒன்றும் சொல்லாமல் அந்த இதயத்தை வெட்டி எடுத்து உப்புநீர்க் கிண்ணத்தில் போட்டார். அங்கேயும் அது அடித்தது. "இதுக்கு யார் சொல்லிக் குடுக்கிறது?" என்று கேட்டார். ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. இதயம் தானாகவே அடிக்கும், நரம்புகள் அதை விரைவாக்கவும் மெதுவாக்கவும் மட்டுமே செய்யும் என்று பிறகு படித்தோம். நரம்பு அதை எப்படிச் சொல்கிறது என்ற கேள்வி ஒரு காலத்தில் பெரிய பெரிய விஞ்ஞானிகளையே இரண்டு கட்சியாகப் பிரித்திருந்தது என்பது எனக்கு மருத்துவக் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரியும். மின்சாரம் தாவுகிறது என்றது ஒரு கட்சி. இல்லை, ஏதோ ஓர் இரசாயனம் கசிகிறது என்றது மற்றது.

அதைத் தீர்த்ததும் தவளைதான். ஒஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஒட்டோ லோவி என்ற பேராசிரியர் ஈஸ்டர் காலத்து இரவொன்றில் தூக்கத்தில் ஒரு பரிசோதனையைக் கனவு கண்டார். எழுந்து கடதாசியில் குறித்துவிட்டுப் படுத்தார். காலையில் பார்த்தால் தன் கையெழுத்தே தனக்கு விளங்கவில்லை! (டொக்டர்மாரின் கையெழுத்தைப் பற்றிக் குறை சொல்பவர்கள் இதைக் கவனிக்கவும்.) அடுத்த இரவும் அதே கனவு வந்தது. இந்த முறை எழுதவில்லை, எழுந்து நேரே ஆய்வுகூடத்துக்குப் போய்விட்டார். இரண்டு தவளை இதயங்களைத் தனித்தனிக் கிண்ணங்களில் வைத்தார். ஒன்றின் வேகசு நரம்பைத் தூண்டினார், அடிப்பு மெதுவாகியது. அந்த இதயத்தைச் சுற்றியிருந்த உப்புநீரை எடுத்து, யாரும் தொடாத இரண்டாவது இதயத்துக்கு விட்டார். அதுவும் மெதுவாகியது. இது 1921இல் வெளியானது. நரம்பு ஒரு பொருளைக் கசியவிடுகிறது, அந்தப் பொருள்தான் செய்தி. இப்பொருள்களைத்தான் நரம்புக் கடத்திகள் என்கிறோம். லோவி கண்ட பொருள் அசற்றைல்கோலின். 1936இல் ஹென்றி டேலுடன் சேர்ந்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இரண்டு வருடங்கள் கழித்து, அவர் யூதர் என்பதற்காக நாசிகள் அவரைச் சிறையில் அடைத்தார்கள், நாட்டை விட்டுப் போக விடுவதற்கு முன் அந்தப் பரிசுப் பணத்தையும் பறித்துக்கொண்டார்கள். இதயம் எப்படி மெதுவாகிறது என்று கண்டவரின் இதயம் அந்தச் சிறையில் எப்படி அடித்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

ஒரு நரம்புக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள இடைவெளி மிகச் சிறியது. ஒரு மில்லிமீற்றரை 50,000 பங்காகப் பிரித்தால் அதில் ஏறக்குறைய ஒரு பங்கு. அந்தச் சின்னக் கடவையைத் தாண்டும் தோணிகள்தான் அசற்றைல்கோலின், நோர்அதிரனலின், டோபமின், செரோற்றோனின் எல்லாம். முகத்துவாரத்துப் பிள்ளைகளுக்குத் தோணியை விளக்கத் தேவையில்லை.

இனிப் பூனைக்கு வருகிறேன். எங்கள் மீன்பிடித் துறைமுகத்துப் பூனைகளை எல்லோருக்கும் தெரியும். மீன் வெட்டும் பலகைக்குக் கீழே அரசி மாதிரி இருக்கும். தெருநாய் ஒன்று மூலையில் திரும்பியதும் முதுகு வில்லாகும், மயிர் சிலிர்க்கும், கண்மணி விரியும். ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் வோல்டர் கனன் இந்தக் காட்சியைத்தான் ஆய்வாக மாற்றினார். பூனைகளுக்கு பிஸ்மத் உப்புக் கலந்த உணவைக் கொடுத்து, அப்போது புதிதாக வந்திருந்த எக்ஸ்றே கதிரில் இரைப்பை அலையலையாக அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூனை கலவரப்பட்டதும் அலைகள் சட்டென்று நின்றுபோயின. சமிபாடு நிறுத்தப்பட்டுவிட்டது. பிறகு 1911இல், நாய் குரைத்துப் பயமுறுத்திய பூனையின் இரத்தத்தில் அதிரனலின் கூடியிருப்பதைக் காட்டினார். போராடு அல்லது ஓடு என்பதற்கான ஆயத்தம் இது என்று அவர் விளக்கினார். நாய் பக்கத்தில் நிற்கும்போது மீன் செரிப்பதில் அர்த்தமில்லை. இரத்தம் கால்களுக்குப் போகட்டும், ஈரல் சீனியை விடுவிக்கட்டும், இதயம் ஓடட்டும்.

எங்கள் ஆட்கள் இதையெல்லாம் எக்ஸ்றே இல்லாமலே தெரிந்து வைத்திருக்கிறார்கள். பயந்தவர் என்ன சொல்கிறார்? நெஞ்சு படபடக்குது: அது இதயத்தில் அதிரனலின். நாக்கு வறண்டு போச்சு: உமிழ்நீர் நிறுத்தம். மயிர்க்கூச்செறிஞ்சது: பூனைக்கு மயிர் சிலிர்க்கும் அதே குட்டித் தசை. பூனையைப் பெரிதாகக் காட்டும் அந்தத் தசை எங்களிடம் வெறும் புள்ளிகளை மட்டும் எழுப்புகிறது. வேர்த்து விறுவிறுத்துப் போனேன், கைகால் உதறுது, வயித்தைக் கலக்குது. உடலிலுள்ள செரோற்றோனினில் ஏறக்குறைய 90 வீதம் குடலில்தான் இருக்கிறது, ஆகவே பயத்தைப் பற்றிக் குடல் பேசுவதில் ஆச்சரியமில்லை. நோயாளி இதைச் சொல்லும்போது ஒரு முழு உடற்றொழிலியல் பாடத்தையே சொல்கிறார். அதை மிகைப்படுத்தல் என்று எடுத்துக்கொள்ளும் வைத்தியர்தான் பாடத்தைத் தவறவிடுகிறார்.

முக்கியமான விடயம் இதற்கு அடுத்ததாக நடப்பது. நாய் போய்விட்டது என்று வையுங்கள். இரத்தத்திலுள்ள அதிரனலின் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். கொஞ்சம் மெதுவாக ஏறும் கோர்ட்டிசோல் இறங்க மணித்தியாலம், அதற்கு மேலும் பிடிக்கும். பிறகு வேகசு நரம்பின் அசற்றைல்கோலின், லோவியின் தவளையில் செய்ததையே பூனையிலும் செய்கிறது. பூனை உட்கார்ந்து முன்னங்காலை நக்கத் தொடங்கும். இந்த இயந்திரம் அணையத் தெரிந்த இயந்திரம். சில நிமிட வேலைக்கு உண்டானதை நாள் முழுதும் ஓடவிட்டால் என்ன நடக்கும் என்பதை 1936இல் ஹான்ஸ் செலி எலிகளில் பார்த்தார். குளிர், காயம், ஓயாத உழைப்பு, எதைக் கொடுத்தாலும் ஒரே மூன்று அடையாளங்கள்தான்: அதிரனல் சுரப்பி வீக்கம், தைமசு சுருங்கல், இரைப்பையில் புண்.

அப்படியானால் பயமே இல்லாமல் செய்துவிடலாமே என்று நினைக்கலாம். எங்கள் பக்கத்து ஆயுர்வேத வைத்தியத்தில் சர்ப்பகந்தி வேரைப் பல நூறு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வந்தார்கள். அது இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்பதை 1949இல் பம்பாய் வைத்தியர் ரஸ்தம் ஜால் வக்கீல் ஆங்கில மருத்துவ இதழொன்றில் எழுதி உலகுக்குச் சொன்னார். 1952இல் சுவிற்சர்லாந்தில் அந்த வேரிலிருந்து ரிசர்ப்பீன் பிரிக்கப்பட்டது. அது நரம்பு நுனிகளில் சேமித்து வைத்திருக்கும் நோர்அதிரனலின், டோபமின், செரோற்றோனின் எல்லாவற்றையும் காலியாக்கிவிடும். சுவீடனில் ஆர்விட் கார்ல்சன் அதை முயல்களுக்கு ஏற்றினார். முயல்கள் காது தொங்க, அசையாமல் கிடந்தன. பயமும் இல்லை, ஓட்டமும் இல்லை. டோபமினாக மாறக்கூடிய ஒரு பொருளை ஏற்றியதும் சற்று நேரத்தில் எழுந்து துள்ளத் தொடங்கின. இந்த வேலைக்கு 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. பயத்தை வேரோடு பிடுங்கினால் மிஞ்சுவது அந்தக் கிடந்த முயல்தான். அப்படியொரு முயல் காட்டில் ஒரு நாள் தாங்காது.

இப்போது கடலுக்குப் போவோம். சிங்க இறால் இங்கே பிடிபட்டாலும் எங்கள் வீட்டுச் சட்டிக்கு வருவது குறைவு, ஹோட்டலுக்குப் போய்விடும். அமெரிக்கக் கரையில் அதற்குப் பெரிய கவ்வு உண்டு, சண்டை பிடித்து யார் பெரியவர் என்று தீர்த்துக்கொள்ளும். 1980இல் எட்வேர்ட் கிரவிற்ஸின் குழு, சண்டையே இல்லாமல் ஊசி மூலம் அந்த முடிவைப் பார்த்தது. செரோற்றோனின் ஏற்றினால் வெற்றி பெற்ற இறால் போலக் கால் நுனியில் எழுந்து கவ்வை முன்னே நீட்டி நிற்கும். நோர்அதிரனலினின் உறவான ஒக்டோபமினை ஏற்றினால் தோற்றதைப் போல நிலத்தோடு படிந்துவிடும். ஆனால் 2014இல் பிரான்சில் போர்தோ நகரத்து ஆய்வாளர்கள், நன்னீரில் வாழும் இதன் சிறிய உறவினத்தில் இன்னொன்றைக் கண்டார்கள். மின் அதிர்ச்சி பெற்ற உயிரி, அதிர்ச்சி முடிந்த பிறகும், வெளிச்சமான பாதைக்குப் போக மறுத்து இருட்டிலேயே பதுங்கியது. அதன் மூளையில் செரோற்றோனின் கூடியிருந்தது. அதிர்ச்சியே காணாத உயிரிக்குச் செரோற்றோனின் ஏற்றியபோது அதுவும் பதுங்கியது. நாங்கள் மனிதருக்குப் பதற்றம் தணிக்கக் கொடுக்கும் குளிசை வகையில் ஒன்றைப் பதுங்கியவற்றுக்கு ஏற்றியதும் வெளிச்சத்துக்கு வந்தன. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இதற்கு வெளிச்சமெல்லாம் பேய்.

ஒரே செரோற்றோனின் ஒன்றை நிமிர வைக்கிறது, ஒன்றைப் பதுங்க வைக்கிறது. ஆகவே யூரியூப்பில் "டோபமினைக் கூட்டும் ஐந்து உணவு", "சந்தோஷ இரசாயனம்" என்று வருபவற்றை நம்பிக் காசு செலவழிக்க வேண்டாம். கடத்தி என்பது கடிதம் மாதிரி. அது எங்கே போய்ச் சேர்கிறது, அங்கே யார் திறந்து வாசிக்கிறார் என்பதில்தான் பொருள் இருக்கிறது.

குரங்குகளிடம் வந்தால்தான் இது எங்கள் கதையாகிறது. அதற்கு வெளிநாடு போகத் தேவையில்லை, பொலனறுவைக்குப் போனால் போதும். சிங்களத்தில் ரிலவா என்று சொல்வது, தலையில் தொப்பி வைத்தாற்போல் மயிர் சுருண்டிருப்பது, உலகில் எங்கள் நாட்டில் மட்டும் இயற்கையாக வாழ்வது. 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின்நிலையத்துக்குள் புகுந்து நாடு முழுவதையும் இருளாக்கிய குற்றமும் ஒரு குரங்கின் தலையில்தான் விழுந்தது! பொலனறுவை இடிபாடுகளுக்கிடையே வாழும் இந்தக் குரங்குகளை 1968 முதல் வொல்ப்காங் டிட்டஸ் என்ற ஆய்வாளர் ஒவ்வொன்றாக முகம் தெரிந்து, தலைமுறை தலைமுறையாகக் கவனித்து வருகிறார். 2015இல் டிஸ்னி நிறுவனம் எடுத்த குரங்குப் படத்தில் வந்த தாய்க்குரங்கு மாயா இந்தக் கூட்டத்தாரில் ஒருத்திதான். பிள்ளைகள் பார்த்திருப்பீர்கள்.

அங்கே தாயின் தரம் மகளுக்கு வரும். மேல்தரத்துத் தாயின் குட்டி பிறந்த நாளிலேயே மேல்தரம். கீழ்த்தரத்துக் குட்டி நல்ல அத்திக் கிளையில் இருந்தால் மற்றது வரும், இது இறங்க வேண்டும். டிட்டஸ் எழுதியவற்றில் என்னால் மறக்க முடியாதது ஒன்று உண்டு. பெரிய குரங்கு குட்டியைப் பிடித்து, வாயைத் திறந்து, கன்னப்பையில் அது ஒதுக்கி வைத்திருக்கும் பழத்தை விரலால் தோண்டி எடுத்துத் தின்றுவிடும். குட்டி எதிர்க்காது. பிறக்கும் குட்டிகளில் பெரும்பாலானவை வளர்ந்த பருவத்தைக் காண்பதில்லை. பஞ்ச காலத்தில் முதலில் விழுவது தரம் குறைந்த சின்னவை. அங்கே புலியோ நாயோ தேவையில்லை. பயம் சொந்தக் கூட்டத்துக்குள்ளேயே, நாள் முழுதும், பக்கத்துக் கிளையில் இருக்கிறது. பூனைக்கு நாய் போய்விடும். இதற்குப் போகாது.

இப்படிப்பட்ட தரம் உடம்பின் இரசாயனத்தையே மாற்றுமா? அமெரிக்காவில் வேவெற் குரங்குகளில் மைக்கல் ராலி, மைக்கல் மக்குவயர் என்பவர்கள் அதைப் பார்த்தார்கள். தலைவனின் இரத்தத்தில் செரோற்றோனின் மற்ற ஆண்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. தலைவனைக் கூட்டத்திலிருந்து பிரித்து வைத்தால் அது இறங்கிவிடும். புதிதாகத் தலைவனாகும் குரங்கில் ஏறும். செரோற்றோனின் இருந்ததால் தலைவனானானா, தலைவனானதால் செரோற்றோனினா? இரண்டும்தான். இன்னொரு சோதனையில், தலைவன் இல்லாத கூட்டத்தில் ஓர் ஆணுக்கு அதைக் கூட்டும் மருந்து கொடுத்தார்கள். அவன் தலைவனானான். ஆனால் சண்டை பிடித்து அல்ல, முதலில் பெண் குரங்குகளோடு நட்பாகி, அவர்களின் ஆதரவோடு. இந்த மண்டபத்தில் இதைச் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

இன்னுமொரு கூட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கென்யாவில் ரொபர்ட் சபோல்ஸ்கி பல ஆண்டுகள் கவனித்த பபூன் கூட்டம் ஒன்றில், முரட்டு ஆண்கள் மட்டும் பக்கத்துச் சுற்றுலா விடுதியின் குப்பைக் குழிக்குச் சண்டை பிடித்துப் போய்ச் சாப்பிடுவார்கள். 1980களில் அந்தக் குப்பையில் கிடந்த நோய்ப்பட்ட இறைச்சியால் அவர்களுக்குக் காசநோய் பிடித்து இறந்துபோனார்கள். மிஞ்சியவை பெண்களும் சாந்தமான ஆண்களும். கூட்டத்தின் போக்கே மாறியது. தரம் இருந்தது, ஆனால் கீழே இருப்பவரைக் காரணமில்லாமல் கடிப்பது குறைந்தது, ஒன்றையொன்று வருடிக்கொடுப்பது கூடியது. பத்து வருடங்களுக்குப் பிறகு அந்தச் சாந்தமான ஆண்களும் இல்லை, வெளியிலிருந்து வந்த புது ஆண்கள்தான். அவர்களும் அந்த வழக்கத்தையே பிடித்துக்கொண்டார்கள். மற்றக் கூட்டங்களில் கீழ்த்தரத்து ஆண்களின் உடம்பில் காணும் நெருக்கடி அடையாளங்கள் இவர்களில் இல்லை. தரவரிசையைவிட, மேலே இருப்பவர் கீழே இருப்பவரை எப்படி நடத்துகிறார் என்பதே உடம்பில் எழுதப்படுகிறது. இதை வாசித்த அன்று எனக்குப் பல நோயாளிகளின் முகம் ஞாபகம் வந்தது. மாமியாரோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள், மேற்பார்வையாளரிடம் ஏச்சு வாங்கும் பிள்ளைகள், புலமைப்பரிசில் பரீட்சைக்கு முதல் வாரம் வயிற்றுவலியோடு வரும் பத்து வயதுக்காரர்கள். அந்தப் பத்து வயதுக்காரர்களின் வயிற்றை அமுக்கிப் பார்த்தால் நோகும். பொய் இல்லை, கனனின் பூனைக்கு நின்ற அதே இரைப்பை.

குரங்குகளிடம் மருந்தும் இருக்கிறது. மணித்தியாலக் கணக்கில் ஒன்று மற்றதன் மயிரை விலக்கிப் பேன் பார்க்கும். அது சுத்தத்துக்காக மட்டும் இல்லை. 1980களில் இங்கிலாந்தில் தலப்போயின் குரங்குகளில் பார்த்தபோது, பேன் பார்க்கப்படும் குரங்கின் மூளைத் தண்டுவட நீரில் எண்டோர்பின் கூடியது. எண்டோர்பின் என்பது உடம்பு தானே செய்யும் அபின். அதைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தால் குரங்கு இன்னும் இன்னும் தலையைக் கொண்டுவந்து நீட்டும். அணில் குரங்குகளுக்குப் பாம்பைக் காட்டிய சோதனைகளில், தனியாக இருந்ததைவிடக் கூட்டத்தோடு இருந்தபோது கோர்ட்டிசோல் ஏற்றம் குறைந்தது. பாம்பு அதே பாம்புதான். எங்கள் ஒழுங்கையில் பின்னேரம் நாலு மணிக்குப் படியில் ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்து மகளுக்குத் தாயும், தாய்க்கு அம்மம்மாவும் பேன் பார்த்துக்கொண்டிருந்த காட்சி இங்கு வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஷாம்பு வந்ததும் பேன் போய்விட்டது. படியும் போய்விட்டது.

இனி என் பிழையைச் சொல்கிறேன்.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு காலை 8.45க்குக் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் நடந்தது இங்கு யாருக்கும் நான் விவரிக்கத் தேவையில்லை. இந்த மண்டபத்தில் அன்று யாரையாவது இழந்தவர்கள் இருக்கிறார்கள். மறுநாள் கோயிலுக்குப் பக்கத்தில் நின்ற வான் ஒன்றிலிருந்த குண்டும் வெடித்தது. அதற்குப் பிறகு வந்த மாதங்களில் வெளிநோயாளர் பிரிவில் ஒரே மாதிரியான பெண்கள் வந்தார்கள். நெஞ்சு படபடப்பு, மூச்சு எடுக்க முடியவில்லை, இரவில் திடுக்கிட்டு எழும்புகிறது, கைகால் விறைப்பு. ஈ.சி.ஜி. சரி, இரத்தம் சரி, தைரொயிட் சரி. நீண்ட வரிசை வெளியே. நான் ஒவ்வொருவரிடமும் சிரித்த முகத்தோடு சொன்னேன்: "உங்களுக்கு ஒன்றுமில்லை."

ஆறுதலாகத்தான் சொன்னேன். அவர்களில் ஒருவர், நடுத்தர வயதுத் தாய், மூன்றாம் முறை வந்தபோது என்னைப் பார்த்து, "ஒண்ணுமில்லாட்டி இது என்ன டொக்டர்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். வீட்டில் அவரை நடிக்கிறார் என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள். ஆதாரம் நான் கொடுத்ததுதான்: டொக்டரே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்.

அன்று வரிசையைக் காக்க வைத்துவிட்டு அவருக்குப் பூனையின் கதையைச் சொன்னேன். எலியில் கண்டதையும் சொன்னேன்: ஆபத்து நேரத்தில் சுரக்கும் அதிரனலின், மூளைக்குள் நோர்அதிரனலின் வழியாக, அந்த இடத்தையும் சத்தத்தையும் மணத்தையும் ஞாபகத்தில் ஆழமாகப் பதித்துவிடுகிறது. எங்கே பிடிபட்டோம் என்பதை மறக்கும் எலி இரண்டாம் முறை பிழைக்காது. மூளைத்தண்டில் நீலப் புள்ளி என்றொரு சின்னக் கூட்டம் நரம்புகள் உண்டு, எலிக்கும் பூனைக்கும் எங்களுக்கும் ஒரே இடத்தில். உங்களுடையது காவல் காக்கிறது, இன்னும் காவலை மாற்ற ஆள் வரவில்லை. உங்கள் உடம்பு பழுதாகவில்லை, சரியாக வேலை செய்கிறது, நேரம் மட்டும் தெரியாமல் வேலை செய்கிறது. அவர் நீண்ட நேரம் யோசித்துவிட்டு, "அப்ப எனக்கு இருக்கு" என்றார். ஒரு வருத்தம் இருக்கிறது என்று கேட்டு ஒருவர் இவ்வளவு நிம்மதியடைந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

படபடப்புக்கு அதிரனலின் பிடிக்கும் இடத்தை மறைக்கும் குளிசையைச் சில வாரங்கள் கொடுத்தேன். மனநல வைத்தியரிடமும் அனுப்பினேன், அதற்கு வீட்டாரைச் சம்மதிக்க வைப்பது தனிக் கதை. பயம் அழியாது என்பதையும் சொன்னேன். பவ்லோவ் காலத்திலிருந்து தெரிந்த விடயம் அது. மணிக்குப் பழகிய நாயைப் பழக்கம் மறக்கச் செய்யலாம், ஆனால் சில நாள் விட்டுப் பார்த்தால் பழையது தலைகாட்டும். பழைய பாடம் அழிவதில்லை, அதற்கு மேல் புதிய பாடம் ஒன்றை எழுதலாம். எழுதுவதற்கு அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக, தனியாக அல்லாமல். அதே வருடம் ஜூன் 12இல் கோயில் மீண்டும் திறக்கப்பட்டிருந்தது. அவர் மைத்துனியோடு முதலில் தெருமுனை வரை போனார். பிறகு கேற் வரை. கேற்றோடு பல மாதம் நின்றார். நான் அவசரப்படுத்தவில்லை. பிறகு கொரோனா வந்து எல்லாக் கேற்றும் பூட்டுப்பட்டது.

இந்தப் பேச்சைப் பள்ளிக்கூடத்தில் வைக்க ஆசைப்பட்டதற்குக் காரணம், அதிபர் அவர்கள் கோபிக்கமாட்டார் என்று நம்பி, ஒரு வேண்டுகோள். பரீட்சை நாளில் மயங்கி விழும் பிள்ளையை, பட்டாசுச் சத்தத்துக்கு மேசைக்குக் கீழே போகும் பிள்ளையை, நோயாளர் அறைக்குத் தனியே அனுப்ப வேண்டாம். கூட ஒரு சிநேகிதியையும் அனுப்புங்கள். அவளுக்கு ஒரு பாடம் போகும், பரவாயில்லை. பெற்றோர் கேட்டால் "ஒன்றுமில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அந்தத் தாய் சில வருடங்கள் கழித்து ஒரு ஜூன் மாதம், அந்தோனியார் திருநாளுக்கு அடுத்த நாள், இலக்கம் எடுக்காமலே என் அறைக்கு எட்டிப் பார்த்தார். வருத்தம் சொல்ல வரவில்லை. கடதாசியில் சுற்றி, கோயிலில் மந்திரித்த பாண் துண்டொன்று கொண்டுவந்திருந்தார். உள்ளே போனீர்களா என்று கேட்டேன்.

"போனேன் டொக்டர். பட்டாசு வெடிச்சப்ப தூக்கிவாரிப் போட்டது தான். மைத்துனிட கையக் கீறிட்டேன். ஆனா ஓடல்ல."